பல்வேர் சிகிச்சையில் சூடான கருவி: திரையில் தெரியும் எண்ணும் உண்மையான சூடும்

பல்வேர் சிகிச்சை தேவை என்று பல் மருத்துவர் சொன்னதும் மூத்தோர் பலருக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது, "வலிக்குமா?" இரண்டாவது, "200 டிகிரி சூட்டில் ஏதோ ஒரு கருவியை வாய்க்குள் விடுவார்களாமே, எலும்பு வெந்துவிடாதா?"

முதல் கேள்விக்கு விடை எளிது. சிகிச்சைக்கு முன் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்ய ஊசி போடுவார்கள். பெரும்பாலோருக்கு, சிகிச்சைக்கு முன்பு இருந்த வலியைவிடச் சிகிச்சையின்போது ஏற்படும் சிரமம் குறைவுதான்.

இரண்டாவது கேள்விக்குச் சற்று விளக்கம் தேவை. சரியான விளக்கம் கிடைக்காததால் சிலர், "வேண்டாம், பல்லைப் பிடுங்கிவிடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு பல் போனால் மெல்லுவது கடினமாகும். பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியை நோக்கிச் சாயலாம். காய்கறி, கடலை, இறைச்சி போன்றவற்றைத் தவிர்த்து, கஞ்சியும் ரொட்டியுமாகச் சாப்பிடும் நிலை வரலாம். ஆகவே, முடிவெடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை நிதானமாகப் படியுங்கள். வீட்டில் உள்ளவர்களுடன் சேர்ந்தும் படிக்கலாம்.

இதில் நீங்கள் தெரிந்துகொள்ளப் போவது:

• பல்வேரை நிரப்பச் சூடு ஏன் தேவைப்படுகிறது
• கருவியின் திரையில் தெரியும் எண் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை
• பல்லைச் சுற்றியுள்ள எலும்பு எவ்வளவு சூட்டைத் தாங்கும்
• பாதுகாப்பான சிகிச்சைக்கு மருந்தகம் செய்வது என்ன, நீங்கள் செய்யவேண்டியது என்ன


1. பல்வேர் சிகிச்சையில் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு பல்லின் நடுவிலும் பற்கூழ் எனப்படும் மென்மையான பகுதி இருக்கிறது. அதில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் உள்ளன. அது பல்லின் மேற்பகுதியில் தொடங்கி, மெல்லிய குழாய் வழியாக வேரின் நுனிவரை செல்கிறது. இந்தக் குழாயைத்தான் வேர்க்குழாய் என்கிறோம். முன்பற்களில் பெரும்பாலும் ஒரு வேர்க்குழாய் இருக்கும். கடைவாய்ப் பற்களில் மூன்று, நான்கு குழாய்கள்கூட இருக்கலாம்.

சொத்தை ஆழமாகப் போனாலோ பல்லில் விரிசல் விழுந்தாலோ கிருமிகள் பற்கூழுக்குள் நுழைந்துவிடும். பற்கூழ் அழுகி, வேரின் நுனியில் சீழ் கட்டலாம். அப்போது செய்யப்படும் சிகிச்சையில் மூன்று முக்கியப் படிகள் உண்டு.

முதற்படி: பல்லின் மேல் சிறு துளையிட்டு, கெட்டுப்போன பற்கூழை அகற்றுவது.
இரண்டாம் படி: வேர்க்குழாயைச் சீர்ப்படுத்தி, கிருமிகொல்லித் திரவத்தால் கழுவி, உலர்த்துவது.
மூன்றாம் படி: காலியான குழாயை இடைவெளி இல்லாமல் நிரப்பி அடைப்பது.

சூடான கருவி வருவது இந்த மூன்றாம் படியில்தான். குழாயில் இடைவெளி விட்டால், மிஞ்சிய கிருமிகள் அங்கே மீண்டும் பெருகலாம். அதனால் நன்றாக நிரப்புவது, நன்றாகச் சுத்தம் செய்வதைப் போலவே முக்கியம்.

வயது கூடக்கூட வேர்க்குழாய் குறுகிக்கொண்டே போகும். ஆகவே மூத்தோருக்கு இந்தச் சிகிச்சை சற்று அதிக நேரம் எடுக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரச் சொல்லலாம். அது வழக்கமானதுதான்.


2. நிரப்பும் பொருள்: நம் வட்டாரத்து மரத்தின் பால்

வேர்க்குழாயை நிரப்பப் பயன்படும் பொருளின் பெயர் குட்டா பெர்ச்சா. 'கெத்தா பெர்ச்சா' என்ற மலாய்ப் பெயரிலிருந்து வந்த சொல் இது. மலாயாவின் காடுகளிலும் சிங்கப்பூரிலும் சுமத்ரா, போர்னியோ தீவுகளிலும் வளரும் ஒரு மரத்தின் பால்தான் குட்டா பெர்ச்சா.

தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டிய அனுபவம் உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ இருக்கலாம். அந்த ரப்பர் பாலும் இந்தப் பாலும் வேதியியல் முறையில் நெருங்கிய உறவு. ஆனால் குணம் வேறு. ரப்பரை இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி சுருங்கும். குட்டா பெர்ச்சா அப்படி இழுபடாது. சாதாரண வெப்பத்தில் அது கெட்டியாக இருக்கும். வெந்நீரில் போட்டால் இளகி, பிடித்த வடிவத்துக்கு வரும். ஆறியதும் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். இந்தக் குணத்தை அறிந்திருந்த மலாய் மக்கள், அதைக் கொண்டு பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்தார்கள்.

சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். 1843ஆம் ஆண்டு வாக்கில் இதன் மாதிரிகள் லண்டனுக்குச் சென்றன. அதன் பிறகு கடலுக்கடியில் போடப்பட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இது பெருமளவில் பயன்பட்டது. சிங்கப்பூர் இந்த வணிகத்தின் முக்கியத் துறைமுகமாக விளங்கியது. பால் எடுப்பதற்காக மரங்களையே வெட்டிச் சாய்த்ததால் காடுகளில் அம்மரங்கள் அருகிப்போயின. பல் மருத்துவர்களும் அதே நூற்றாண்டிலேயே இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

இன்று பல் மருத்துவர் கையில் இருக்கும் குட்டா பெர்ச்சா, ஊசிபோல் கூம்பிய மெல்லிய குச்சி. அதில் மரப்பால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. எக்ஸ்ரே படத்தில் தெளிவாகத் தெரிவதற்கான பொருளும் சிறிது மெழுகும் சேர்ந்திருக்கும்.


3. சூடு ஏன் தேவை?

வேர்க்குழாய் நேரான குழல்போல் இருப்பதில்லை. சில இடங்களில் அகலும், சில இடங்களில் குறுகும், பக்கவாட்டில் மிக மெல்லிய கிளைகள் பிரியும். கெட்டியான குச்சியை அப்படியே செருகினால் இந்த மூலைமுடுக்குகளில் அது போய்ச் சேராது. இளகவைத்து அழுத்தினால் ஓரளவு போய்ச் சேரும்.

குட்டா பெர்ச்சா சுமார் 42 முதல் 49 டிகிரி செல்சியஸ் சூட்டில் முதல் மாற்றத்தை அடைகிறது. சுமார் 53 முதல் 59 டிகிரியில் முழுமையாக நெகிழ்கிறது. நாம் குடிக்கும் சூடான தேநீரும் ஏறத்தாழ இந்தச் சூட்டில்தான் இருக்கும். அதாவது, பல்லுக்குள் இருக்கும் பொருள் எட்டவேண்டிய சூடு 200 டிகிரி இல்லை. அதற்கும் வெகு கீழே.

அப்படியானால் கருவியை ஏன் 200 டிகிரிக்கு வைக்கிறார்கள்? குட்டா பெர்ச்சா சூட்டை எளிதில் கடத்தாது. கருவியின் முனையோ மிக மெல்லியது. அது பொருளைத் தொட்டதும் சட்டென்று சூட்டை இழக்கும். மேலும், பல்லுக்குள் அது சூடாக இருக்கவேண்டிய நேரம் சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளில் வேலை முடியவேண்டுமென்றால் தொடக்கத்தில் கூடுதல் சூடு வேண்டும்.

வழக்கமான முறை ஒன்று இப்படி நடக்கும்: மருத்துவர் பொத்தானை அழுத்தி, சூடான முனையைக் குச்சியின் ஊடாக மூன்று நான்கு நொடிகளில் கீழே இறக்குவார். வேரின் நுனிக்குச் சில மில்லிமீட்டர் மேலேயே நிறுத்திவிடுவார். பொத்தானை விட்டுவிட்டு, ஆறும்போது பொருள் சுருங்காமல் இருக்கச் சுமார் பத்து நொடி அழுத்திப் பிடிப்பார். பிறகு ஒரே ஒரு நொடி மீண்டும் சூடாக்கி முனையை வெளியே எடுப்பார். மேலே மிஞ்சும் குழாயை இளகிய குட்டா பெர்ச்சாவால் நிரப்புவார்.

அமெரிக்கப் பல் மருத்துவர் ஹெர்பர்ட் ஷில்டர் 1967ஆம் ஆண்டு சூடாக்கி அழுத்தும் முறையை விளக்கி எழுதியபோது, கருவியை நெருப்பில் காட்டித்தான் சூடாக்கினார்கள். எவ்வளவு சூடு என்பது மருத்துவரின் கண்ணையும் கையையும் பொறுத்தது. பின்னர் மின்சாரத்தால் சூடாகும் கருவிகள் வந்தன. இன்றைய கருவிகளில் வேண்டிய சூட்டைத் தேர்ந்தெடுக்கலாம். எண் திரையில் தெரியும்.


4. திரையில் 200 என்றால் முனையிலும் 200தானா?

இந்தக் கட்டுரையின் முக்கியப் பகுதி இது. சுருக்கமான விடை: எப்போதும் அப்படி இருப்பதில்லை.

தோசை சுடுபவர்களுக்கு இது புதிதல்ல. அடுப்பைப் பாதித் தீயில் வைத்தாலும் மெல்லிய கல் சீக்கிரம் காயும், கனத்த கல் தாமதமாகக் காயும். கல்லின் நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு. மாவை ஊற்றியதும் கல்லின் சூடு குறையும். அதனால்தான் அடுப்பின் குமிழைப் பார்த்து முடிவு செய்யாமல், கல்லில் நீர் தெளித்துப் பார்க்கிறோம். பல் கருவியின் திரையில் தெரியும் எண்ணும் அடுப்பின் குமிழைப் போன்றதுதான். அது கருவியிடம் கேட்கப்பட்ட சூடு. முனையில் கிடைக்கும் சூடு அதிலிருந்து மாறுபடலாம்.

மெல்லிய உணர்கருவிகளையும் வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராக்களையும் கொண்டு ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடங்களில் இந்த முனைகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். பல அளவீடுகளில், முனையின் உண்மையான சூடு தேர்ந்தெடுத்த எண்ணைவிடக் குறைவாகவே இருந்தது. கருவிக்குக் கருவி வேறுபாடு காணப்பட்டது. ஒரே கருவியிலும் மெல்லிய முனையைப் பொருத்தினால் ஒரு சூடு, தடித்த முனையைப் பொருத்தினால் வேறொரு சூடு காணப்பட்டது.

வேறுபாடு ஏற்படுவதற்கான காரணங்கள்:

• முனையின் தடிப்பு. ஒவ்வோர் அளவு முனையும் ஒவ்வொரு வேகத்தில் சூடாகும், ஆறும்.
• சூடு எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. நுனியில் ஒரு அளவும், சற்று மேலே வேறு அளவும் இருக்கலாம். தாளிப்புக் கரண்டியின் குழியில் ஒரு சூடு, காம்பில் ஒரு சூடு இருப்பதுபோல்தான்.
• தொடும் பொருள். காற்றில் இருக்கும்போது காட்டும் சூடு, குட்டா பெர்ச்சாவையும் பல்லையும் தொட்டதும் குறைந்துவிடும்.
• ஒட்டிக்கொண்ட மிச்சம். முந்தைய பயன்பாட்டில் ஒட்டிய பொருள் கருகிப் படிந்திருந்தால் சூடு சரியாகக் கடத்தப்படாது.
• தேய்மானம். பலமுறை வளைந்த, பலமுறை கிருமிநீக்கம் செய்யப்பட்ட முனைகள் பழையபடி வேலை செய்யாமல் போகலாம்.
• சரியாகப் பொருந்தாத முனை அல்லது மின்னூட்டம் குறைந்த மின்கலம்.

"குறைவான சூடுதானே, அது நல்லதுதானே?" என்று கேட்கத் தோன்றும். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. சூடு போதாவிட்டால் பொருள் சரியாக இளகாது, குழாயில் இடைவெளி விழலாம். முனை பொருளில் ஒட்டிக்கொண்டு, வெளியே எடுக்கும்போது நிரப்பியதையும் சேர்த்து இழுத்துவிடலாம். இளகவில்லையே என்று முனையை அதிக நேரம் உள்ளே வைத்தால், வேரின் வழியாக எலும்புக்குப் போகும் சூடு கூடும். ஆகவே சூடு துல்லியமாக இருப்பதுதான் நல்லது. மிகையும் வேண்டாம், குறையும் வேண்டாம்.

குழாயில் பூசப்படும் ஒட்டுப்பசைக்கும் இது பொருந்தும். சில வகைப் பசைகள் அதிகச் சூட்டில் தன்மை மாறிவிடும். எந்தப் பசை சூடான முறைக்கு ஏற்றது என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.


5. எலும்பு எவ்வளவு சூட்டைத் தாங்கும்?

இந்தக் கேள்விக்குப் பல் மருத்துவத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, 1983ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் ஆகியோர் முயல்களின் எலும்பில் செய்தது. எலும்பு 47 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் இருந்தால் பாதிப்பு தொடங்கலாம் என்று அவர்கள் கண்டார்கள். நம் உடலின் இயல்பான சூடு சுமார் 37 டிகிரி. எனவே, "வேரின் வெளிப்புறத்தில் 10 டிகிரிக்கு மேல் சூடு ஏறக்கூடாது" என்பதைப் பல் மருத்துவர்கள் பாதுகாப்பு எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் இரண்டு அளவுகள் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். ஒன்று எத்தனை டிகிரி. மற்றொன்று எவ்வளவு நேரம்.

கோயிலில் கற்பூர ஆரத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். சுடரின் சூடு பல நூறு டிகிரி. ஆனாலும் கை வெந்துபோவதில்லை, ஏனென்றால் கை அங்கே இருப்பது கண நேரம்தான். அதே கையைச் சுடருக்கு மேல் சில நொடிகள் பிடித்தால் சுட்டுவிடும். பல் கருவியும் அப்படித்தான். சூட்டின் எண் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், முனை உள்ளே இருக்கும் நொடிகளை மருத்துவர் கணக்காக வைத்திருப்பதே உங்கள் எலும்புக்கு முக்கியப் பாதுகாப்பு.

இயற்கையும் இரண்டு பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. முதலாவது, பல்லின் வேர்ச்சுவர். அது சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். இரண்டாவது, வேரைச் சுற்றியுள்ள மெல்லிய தசைநாரில் ஓடும் இரத்தம். அது வரும் சூட்டைத் தன்னோடு எடுத்துச் சென்றுவிடும்.

இருந்தாலும் எல்லாப் பற்களும் ஒன்றல்ல. கீழ்த்தாடையின் முன்பற்களுக்கு வேர்ச்சுவர் மெல்லியது. முன்பே ஒருமுறை வேர்ச் சிகிச்சை செய்த பல்லிலும் சுவர் மெலிந்திருக்கலாம். இத்தகைய பற்களில் மருத்துவர் குறைந்த சூட்டையோ குறைந்த நேரத்தையோ வேறு முறையையோ தேர்ந்தெடுப்பார்.


6. மருந்தகத்தில் செய்யப்படும் சரிபார்ப்புகள்

திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பி வேலை செய்யாமல் இருக்க, பல் மருத்துவரும் உதவியாளரும் கடைப்பிடிக்கும் நடைமுறைகள் உண்டு.

• ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் முன் முனையில் வளைவு, தேய்மானம், கருகிய மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது
• குழாயின் அளவுக்கு ஏற்ற முனையைத் தேர்ந்தெடுத்து, அது எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை முனை குளிர்ந்திருக்கும்போதே அளந்து குறித்துக்கொள்வது
• வாய்க்கு வெளியே ஒரு துண்டு குட்டா பெர்ச்சாவில் வைத்துப் பார்த்து, முனை சரியாகச் சூடாகிறதா என்று உறுதிசெய்வது
• தயாரிப்பாளர் சொன்ன கால இடைவெளியில் கருவியைப் பராமரிப்புக்கு அனுப்புவது
• வழக்கத்தைவிடத் தாமதமாகச் சூடாகும் கருவியைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுவது
• பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டுவது

கடைசியில் சொன்ன ரப்பர் திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கட்டியதும் சிலருக்கு மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் பழகிவிடும். தயவுசெய்து அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எச்சில் பல்லுக்குள் போகாமலும், மருந்தும் சிறு கருவிகளும் தொண்டைக்குள் விழாமலும் அது காக்கிறது. சூடான முனையின் தண்டு உதட்டிலோ நாக்கிலோ கன்னத்திலோ படாமல் இருக்கவும் உதவுகிறது. மரத்துப்போன உதடு சுட்டால் உங்களுக்கு உடனே தெரியாது என்பதால் இந்தப் பாதுகாப்பு மிகவும் தேவை.


7. நீங்கள் செய்யவேண்டியவை

சிகிச்சைக்கு முன்

பின்வருவனவற்றில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள்.

• இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டிருந்தால். சில மின்கருவிகளை உங்களுக்குப் பயன்படுத்தலாமா என்பதை மருத்துவர் முன்கூட்டியே பார்க்கவேண்டியிருக்கும்.
• ரப்பர் கையுறை, பலூன் போன்றவை பட்டால் அரிப்போ வீக்கமோ வந்தால். ரப்பர் பால் கலக்காத திரையும் கையுறையும் பயன்படுத்தலாம்.
• இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொண்டால். நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள்.
• எலும்பு மெலிவு நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டால். இம்மருந்துகளில் சில, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறுவதைத் தாமதப்படுத்தலாம். அத்தகையோருக்குப் பிடுங்குவதைவிட வேர்ச் சிகிச்சையே பொருத்தமாக இருக்கக்கூடும்.
• நீரிழிவு இருந்தால். வழக்கம்போல் சாப்பிட்டு, மருந்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மருத்துவர் வேறுவிதமாகச் சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

சிகிச்சையின்போது

வாயில் திரை இருக்கும்போது பேச முடியாது. அதனால் தொடங்குவதற்கு முன்பே ஒரு சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இடது கையை உயர்த்தினால் நிறுத்தவேண்டும் என்பது பலரும் பயன்படுத்தும் சைகை. மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தயங்கவேண்டாம். சூடு என்பதற்கு மலாயில் 'பானாஸ்', ஆங்கிலத்தில் 'ஹாட்' என்று முன்கூட்டியே சொல்லி, கையையும் காட்டினால் புரிந்துகொள்வார். மகனோ மகளோ உடன் வந்தால் சைகையை விளக்கச் சொல்லலாம்.

கருவி சூடாகும்போது சிறு ஒலி எழலாம், லேசான புகையோ வாடையோ வரலாம். அது இளகும் பொருளிலிருந்து வருவது. பயந்து தலையைத் திருப்பாதீர்கள். தலை அசைந்தால் முனை படக்கூடாத இடத்தில் படலாம். சங்கடமாக இருந்தால் தலையை அசைக்காமல் கையை மட்டும் உயர்த்துங்கள்.

சிகிச்சைக்குப் பின்

உதடும் நாக்கும் சில மணி நேரம் மரத்தே இருக்கும். உணர்ச்சி திரும்பும்வரை சூடான தேநீர், காப்பி, சூப் எதுவும் குடிக்காதீர்கள். கருவியால் ஏற்படாத சூட்டுக்காயம் தேநீரால் ஏற்பட்டுவிடலாம். அந்தப் பக்கத்தால் மெல்லுவதையும் தவிருங்கள். கடிக்கும்போது ஓரிரு நாள் லேசான வலி இருப்பது இயல்பு.

வேர்ச் சிகிச்சை முடிந்த பல் எளிதில் உடையக்கூடியது. குறிப்பாகக் கடைவாய்ப் பல்லுக்கு மேலுறை போடவேண்டும் என்று மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். நன்றாக நிரப்பிய வேரும், மேலே சரியான மூடி இல்லாவிட்டால் மீண்டும் கிருமிக்கு இடம் கொடுத்துவிடும்.


8. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: சூடே இல்லாமல் நிரப்ப முடியாதா?
பதில்: முடியும். பல குச்சிகளைச் சூடாக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுத்தும் முறை நீண்ட காலமாக உள்ளது. ஒரே குச்சியைச் சிறப்புப் பசையுடன் வைக்கும் முறையும் இப்போது பயன்படுகிறது. உங்கள் பல்லின் வடிவத்துக்கு எது ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கருவியின் சூட்டைப் பற்றி மருத்துவரிடம் கேட்டால் தவறாக நினைப்பாரா?
பதில்: நினைக்கமாட்டார். "சூடான முறையில் நிரப்பப் போகிறீர்களா? என் பல்லின் வேர் மெல்லியதா?" என்று கேட்கலாம். இவை நியாயமான கேள்விகள்.

கேள்வி: எனக்கு வயது எழுபதுக்கு மேல். இனி எதற்கு இந்தச் சிகிச்சை?
பதில்: வயது மட்டும் தடையல்ல. பல்லைத் தாங்கும் எலும்பு, ஈறு, மிஞ்சியிருக்கும் பல்லின் அளவு, உங்கள் உடல்நிலை ஆகியவற்றைப் பார்த்தே மருத்துவர் பரிந்துரைப்பார். சில பற்களைக் காப்பாற்ற முடியாமலும் போகலாம். அப்போது பிடுங்குவதே சரியான முடிவாக இருக்கும்.

கேள்வி: செலவுக்கு உதவி கிடைக்குமா?
பதில்: சாஸ் எனப்படும் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தில் பங்கேற்கும் பல் மருந்தகங்களில், தகுதிபெறும் சாஸ் அட்டை வைத்திருப்போரும் முன்னோடித் தலைமுறையினரும் மெர்டேக்கா தலைமுறையினரும் வேர்ச் சிகிச்சைக்கு மானியம் பெறலாம். தொகை அட்டைக்கும் பல்லுக்கும் ஏற்ப மாறும். சிகிச்சைக்கு முன்பே மருந்தகத்தில் கட்டண விவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.


9. எப்போது மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும்?

• வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடினால்
• ஈறோ முகமோ வீங்கினால், காய்ச்சல் வந்தால்
• உதட்டிலோ வாய்க்குள்ளோ சூட்டுக் கொப்புளம் தெரிந்தால்
• மரத்த உணர்வு மறுநாளும் போகாவிட்டால்
• தற்காலிக மூடி கழன்று விழுந்தால்

முகம் அல்லது கழுத்து வீங்கி, மூச்சு விடவோ விழுங்கவோ சிரமமானால் காத்திருக்காதீர்கள். உடனே 995ஐ அழையுங்கள்.


10. படித்ததைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

கீழே உள்ளவை சரியா, தவறா? முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள். பிறகு விடையைப் பாருங்கள்.

அ. திரையில் 200 டிகிரி என்றால் பல்லைச் சுற்றியுள்ள எலும்பும் 200 டிகிரிக்குச் சூடாகும்.
ஆ. முனை எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறது என்பதும் எத்தனை டிகிரி என்பதைப் போலவே முக்கியம்.
இ. முனையின் சூடு குறைவாக இருந்தால் எப்போதுமே நல்லது.
ஈ. சிகிச்சை முடிந்ததும் ஒரு சூடான காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.
உ. சங்கடமாக இருந்தால் தலையைத் திருப்பாமல் கையை உயர்த்தவேண்டும்.

விடைகள்:
அ. தவறு. வேரின் வெளிப்புறத்தில் சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறாதபடி மருத்துவர் பார்த்துக்கொள்கிறார்.
ஆ. சரி. கற்பூரச் சுடரை நினைத்துக்கொள்ளுங்கள்.
இ. தவறு. போதிய சூடு இல்லாவிட்டால் குழாயில் இடைவெளி விழலாம்.
ஈ. தவறு. மரத்த உணர்வு முழுதும் போனபின் குடியுங்கள்.
உ. சரி. முதல்நாளே மருத்துவரிடம் அந்தச் சைகையைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை பல் மருந்தகத்துக்குச் செல்லும்போது உங்கள் மருந்துப் பட்டியலையும் சாஸ் அட்டையையும் இந்தக் கையேட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். புரியாத பகுதியைக் கோடிட்டு வைத்து மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.